சட்டையில் சிரிப்பவள்

தொழிலாளர் அதிகாரி சட்டையின் காலரைப் புரட்டி, லேபிளில் அச்சிட்டிருந்த க்யூஆர் சதுரத்துக்கு நேராகச் செல்போனைப் பிடித்தார். டிங் என்றது. திரையில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அவள் சிரிக்கவில்லை. தையல் ஊசி நகத்தோடு துளைத்துப்போன வலது கட்டைவிரல், மடங்காமல் விறைத்து நின்றது.

“இது நீங்கதானேம்மா?”

“நான்தான் சார். போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொன்னாங்க. போதாதுன்னு இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னாங்க.”

அதிகாரி திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தார். பூச்சிமருந்து படாத பருத்தி. மிச்சப்படுத்திய தண்ணீர் இவ்வளவு. சாயம், மண்ணுக்குத் தீங்கில்லாதது. காலரும் லேபிளும் தைத்தவர், மேலே சிரிப்பவர். தைத்தது போன செவ்வாய்க்கிழமை. வேலையில் மனநிறைவு: மிக நன்று. பக்கத்தில் ஒரு பச்சை இலை.

“விரல் போனதும் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு போன மாசமே மனு குடுத்திருக்கீங்க. ஆனா போன செவ்வாய்க்கிழமை சட்டை தச்சிருக்கீங்க. எதைம்மா நம்பறது?”

கம்பெனி சார்பில் வந்திருந்த மேனேஜர் தொண்டையைச் செருமினார். அந்தச் சட்டையைச் சாட்சியாகக் கொண்டுவந்தவர் அவர்தான். “சார், இது யாரும் கையை வெச்சுத் திருத்த முடியாத ரெக்கார்டு. வாங்கறவங்க ஒவ்வொரு தையலுக்கும் கணக்குக் கேக்கறாங்க. கார்டைத் தட்டினாத்தான் மெஷினே ஓடும். தட்டினது அவங்க கார்டு.”

“கார்டைப் பிடுங்கிட்டுத்தானே சார் என்னை வெளிய அனுப்பினீங்க!”

“பிடுங்கினதுக்கு அத்தாட்சி இருக்காம்மா?” மேனேஜர் வெண்ணெயாய்க் குழைந்து கேட்டார்.

புதிதாக ஒருத்திக்குக் கார்டு போடுவதென்றால் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, சேமநிதி என்று ஏகப்பட்ட சடங்கு. பழைய கார்டில் புது ஆளை உட்கார வைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ரெக்கார்டும் பளிச்சென்று இருக்கும். அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் மூஞ்சியை மாட்டிக்கொண்ட அந்தப் புண்ணியவதி யார்? வயிறு எரிந்தது. சட்டையை இழுத்து லேபிளைத் தூக்கிப் பார்த்தாள்.

எரிச்சல் அப்படியே அணைந்தது.

நூல் முனை கத்தரியால் வெட்டியதாக இல்லை. தட்டையாக நசுங்கி, பிசிறு பிசிறாக விரிந்திருந்தது. பல்லால் கடித்த நூல். வீட்டு மெஷினில் நாத்தனார் தைக்கும்போதெல்லாம், “கத்தரிக்கோல் என்ன அலங்காரத்துக்கா இருக்கு?” என்று அவள் எத்தனை முறை கத்தியிருப்பாள்! அதனால்தான் நாத்தனாருக்கு வீட்டில் எலி என்று பெயர். அட்டைப்பெட்டி கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தினமும் காலையில் கிளம்பிப் போகும் எலி.

“வேற யாரோ தச்சாங்கன்னா பேரைச் சொல்லுங்க. இப்பவே ஆளை அனுப்பறேன்,” என்றார் அதிகாரி.

“தாராளமா சொல்லட்டும் சார்,” என்றார் மேனேஜர், அவளையே பார்த்துக்கொண்டு. “அடுத்தவங்க கார்டுல வேலை செஞ்சா அது ஆள்மாறாட்டம். நாங்களே போலீஸ்ல குடுத்துடுவோம்.”

இவனுக்கு எல்லாம் தெரியும்.

“தெரியலை சார்,” என்றாள்.

“அடுத்த விசாரணைக்குள்ள யோசிச்சு வாங்க. பேர் இல்லைன்னா மனுவைத் தள்ளுபடி பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்லை. வேலையும் கிடையாது, விரலுக்கு நஷ்டஈடும் கிடையாது.”

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது எலி தரையில் உட்கார்ந்து, அண்ணனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

“அட்டைப்பெட்டிக்கெல்லாம் இப்ப காலர் வெக்கறாங்களாடி?”

ஊசி நின்றது. எலி நிமிரவில்லை.

“சொல்லித் தொலை.”

“சூப்பர்வைசர்தான் அண்ணி கூப்பிட்டார். கார்டு ஓடாம கிடந்தா பேரை அழிச்சிடுவாங்களாம். நான் ஓட்டிட்டிருந்தா உங்க சீட் அப்படியே இருக்குமாம். விரல் சரியானதும் நீங்க வந்து உக்காந்துக்கலாம்னார்.” மூக்கை உறிஞ்சினாள். “மெஷின்ல தட்டும்போதெல்லாம் உங்க மூஞ்சி வரும். சாயங்காலம், வேலை பிடிச்சிருக்கான்னு கேக்கும். உங்க பேராச்சேன்னு நல்லதாவே அமுக்குவேன்.”

“ரொம்ப நன்றி. மனநிறைவு மிக நன்றாம். ஆபீசரே படிச்சார்.”

கேலியாகத்தான் சொன்னாள். எலி சிரிக்கவில்லை. “எம் பேரைச் சொல்லிட்டீங்களா அண்ணி?”

பொத்தானிலிருந்து நூல் நீளமாகத் தொங்கியது. அவள் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்து, சட்டையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. திருப்பிப் பிடித்தாள். இடது கைக்கு மாற்றினாள். அலகுகளுக்கு நடுவே நூல் வழுக்கி வழுக்கி மடங்கியது, அறுபடவில்லை.

எலி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணியின் மடியருகே மெல்லக் குனிந்து, நூலைப் பல்லில் வைத்தாள். கடிக்காமல், கண்ணை மட்டும் உயர்த்தி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.