கேஸ் இறங்கிருச்சு

ஏசிக் காற்று வரும் துளையில் அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்ததுபோல் அடித்தது. காலடியில், ஸ்ட்ரெச்சரில், வெள்ளைத் துணிக்குள் அண்ணன் கிடந்தான். மருத்துவமனையிலிருந்து கிளம்பிய சவ வண்டி பாலத்து நெரிசலில் மாட்டிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. சொந்த ஊர் போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேரம். உச்சி வெயில்.

"ஏசியில கேஸ் இல்லை" என்றார் முன்னிருக்கையில் இருந்த அண்ணியின் தம்பி. காப்பீட்டு அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். "இதெல்லாம் பார்த்தாலே தெரியும்."

"கேஸ்தான் சார். ஓனர்கிட்ட சொல்லிட்டேதான் இருக்கேன்" என்றார் டிரைவர்.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எதிரே அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

அண்ணன் பதினெட்டு வருடம் கார் ஏசி பட்டறை நடத்தினான். அவனுக்குத் தெரிந்த நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. குளிரவில்லையா, கேஸ் இறங்கிவிட்டது. நாற்றம் அடிக்கிறதா, கேஸ். சத்தம் போடுகிறதா, அதற்கும் கேஸ். பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்து, பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவான். ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்ததில்லை. வண்டிக்காரர் அந்தப் பக்கம் போனதும் மீட்டரை மாட்டுவதும், சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுவதும் அவள்தான். ஒரு வாத்தியார் காருக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றினான். நான்காம் முறை, குழாய் இணைப்பில் நைந்துபோன ரப்பர் வளையத்தை அவள் கண்டுபிடித்தாள். வாத்தியார் வந்தபோது அதே வளையத்தை அண்ணன் விரல்நுனியில் தூக்கிக் காட்டினான். "எங்கிட்ட எதுவும் தப்ப முடியாது சார். இது என் தங்கச்சி. போன் எடுக்கும்."

இன்று காலை செத்ததும் அதே பேச்சோடுதான். ஏசியில் காற்றே வரவில்லை என்று ஒரு பெண் வந்திருந்தாள். "கேஸ் இறங்கிருச்சு மேடம்" என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னான். அதற்குள் இவள் டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து ஃபில்டரை உருவிவிட்டாள். சருகும் தூசியுமாக அடைத்திருந்தது. இந்த முறை வாடிக்கையாளர் எதிரிலேயே அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டுவது என்று திரும்பினாள். அவன் தலை தொங்கியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

பதிலே சொல்லாமல் தப்பித்துவிட்டான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவர் இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிருப்பாரு" என்றாள் அண்ணி.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஓடும்போது குளிர்ந்துச்சா?"

"ஆமாக்கா. நின்னாதான் சூடா வருது."

"அப்புறம் எப்படி கேஸ் இல்லாம போகும்? பானெட்டத் தொறங்க."

"இந்த நேரத்துல இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார் அண்ணியின் தம்பி. "பொம்பளைங்க நடு ரோட்ல..."

"நீங்க உக்காருங்க. ரோட்ல கால் வெச்சிராதீங்க, சுடும்."

சந்தேகமே இல்லாத அந்தக் குரல் அண்ணனுடையது. அவனிடம் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இறங்கினாள். எஞ்சின் ஓடியது, கம்ப்ரசரும் சுற்றியது. கண்டன்சருக்கு முன்னாலிருந்த விசிறி மட்டும் அசையவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்திருக்கிறது. நின்றதும் சூடு வெளியேற வழியில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். விசிறிக்கு மின்சாரம் விடும் ரிலே ஒரு பக்கம் கருகியிருந்தது. பக்கத்தில் ஹாரனுக்கு அதே அளவு ரிலே. அதைப் பிடுங்கி இதில் செருகினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

விசிறி சுழன்றது.

"ஊர் போற வரைக்கும் ஹாரன் கிடையாது."

"ஹாரன் இல்லாம எப்படிக்கா ஓட்டுறது?"

"பொறுமையா ஓட்டுங்க. அவருக்கு அவசரம் இல்ல."

உள்ளே ஏறி உட்கார்ந்ததும் அண்ணி அவள் கையைப் பற்றினாள். "உங்கண்ணன் சொல்லிக் குடுத்தது வீண் போகல பாத்தியா."

பதினெட்டு வருடத்துப் பதிலும் அவள் நாக்கின் நுனிக்கு வந்தது. கிரீஸ் பட்ட கையை மெல்ல உருவிக்கொண்டு, "ஆமா அண்ணி" என்றாள்.

நெரிசல் நகர்ந்தது. குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. டிரைவர் பழக்கத்தில் ஹாரனை அழுத்தினார். சத்தம் வராததால் கையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டினார். குளிர்ந்த காற்று இறங்கி, அண்ணனின் மேல் கிடந்த துணியின் ஓரத்தைப் படபடக்க வைத்தது. அவள் குனிந்து, துணியின் ஓரத்தை அவன் தோளுக்கு அடியில் செருகினாள்.