பிராக்கெட்டை நேராக நிறுத்திய கதை

ரெனிட்டாவுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் நடந்துகொண்டிருந்ததை வேலை என்று சொல்ல முடியாது. சக்களத்திச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓசூர் சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டருக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மாடியில் அவளுக்கு உத்தியோகம். பாகத்தைத் திரையில் ஏற்றி, அதன் தலையில் எடையை வைத்து, எங்கே உடையும் என்று உடைவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். தாங்குகிற இடம் நீலமாகத் தெரியும், உடையப் போகிற இடம் சிவக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேரில் ஒரு பாகத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பாதி ஆயுசு போய்விடும். மவுஸை இடது பக்கம் இழுத்தால் பாகம் குட்டிக்கரணம் போடும். கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று சக்கரத்தை உருட்டினால் பாகத்துக்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் போய் நிற்கும். இன்னொரு உருட்டு உருட்டினால் ஆளே காணோம், வெறும் சாம்பல் திரைதான். ஜூஜுவாடி தாண்டிக் கர்நாடகாவுக்கே போய்விட்டதோ என்று ரெனிட்டா தலையில் கை வைத்துக்கொள்வாள்.

இப்போது பிரச்சினை பேட்டரியைத் தாங்கும் பிராக்கெட்டில். மூன்று வாரத்துக்கு முன் சோதனை ஓட்டத்தில் அது விரிசல் விட்டுவிட்டது. ரெனிட்டாவின் ரிப்போர்ட்டிலோ தலை முதல் கால் வரை நீலம். உடையாது என்று கம்ப்யூட்டர் சொன்ன பிறகும் உடைந்தால் என்ன அர்த்தம்? வெல்டிங் சரியில்லை என்று மேனேஜர் வெங்கட் ஒரே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

வெல்டிங் செய்தவள் ஜெயமணி. குருபரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், கான்ட்ராக்ட் ஆள். நான்கு வருஷமாக வெல்டிங் துப்பாக்கி பிடித்த கையை அட்டைப்பெட்டி கட்ட அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு நடக்கும் கூட்டத்தில் தப்பு அவளுடையது என்று முடிவானால், திங்கட்கிழமையிலிருந்து அவள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை.

காலையில் மாடிப்படியில் ஜெயமணி ரெனிட்டாவை மறித்தாள். கையில் உடைந்த பிராக்கெட்.

"மேடம், உங்க கம்ப்யூட்டரு என்னாதான் சொல்லுது?"

"நீலமாத்தான் காட்டுதுக்கா."

"நீலம்னா?"

"உடையாதுன்னு அர்த்தம்."

ஜெயமணி கையிலிருந்ததை அவள் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "அப்ப இது என்னாவாம்?"

ரெனிட்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

பாகத்தை வாங்கும் வண்டிக் கம்பெனியிலிருந்து வர வேண்டிய காவியா, அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகக் கடுகடுவென்று வந்து சேர்ந்தாள். கூட்ட அறையில் ஜெயமணியைக் கதவோரம் நிற்க வைத்தார்கள். ஐந்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"மாடலைக் கொஞ்சம் திருப்பிக் காட்டும்மா," என்றார் வெங்கட்.

ரெனிட்டா மவுஸைத் தொட்டாள். பிராக்கெட் மல்லாந்தது. நேராக்கப் பார்த்தாள், ஒருக்களித்துப் படுத்தது. "ஏசுவே, இன்னிக்கு மட்டுமாவது!" என்று வாய்க்குள் முனகிக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தாள். காணாமல் போய், எதற்கோ மனமிரங்கி, ஒரு மூலையில் கோணலாக வந்து நின்றது.

"லோடு எந்தப் பக்கம் குடுத்திருக்கீங்க? அம்புக்குறியப் போடுங்க," என்றாள் காவியா.

எடை எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று காட்டும் அம்புக்குறி அசிங்கமாக இருக்கிறது, ரிப்போர்ட்டில் வேண்டாம் என்று வெங்கட் சொல்லியிருந்ததால் ரெனிட்டா அதை ரிப்போர்ட் செய்த அன்றைக்கே மறைத்து வைத்திருந்தாள். இப்போது போட்டாள். பேட்டரி உட்காரும் தட்டின் மேலிருந்து கீழே அழுத்த வேண்டிய சிவப்பு அம்பு, விலாப்பக்கம் குத்திக்கொண்டு நின்றது.

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வண்டியில் எப்படி இருக்குமோ அப்படியே படத்தில் நேராக நிற்க வேண்டும் என்று வெங்கட் உயிரை எடுத்தார். அரை மணி நேரம் போராடியும் திரையில் பார்க்கும் கோணம், அந்த வியூ, நேராகவில்லை. போடா என்று வியூவை விட்டுவிட்டு, பிராக்கெட்டையே தொண்ணூறு டிகிரி திருப்பி நிமிர்த்தி வைத்தாள். அப்படியே கணக்கை ஓடவிட்டாள், படம் அழகாக வந்தது. முன்னமே கொடுத்திருந்த அம்பு திரும்பவில்லை, அது நின்ற இடத்திலேயே நின்றது. பக்கவாட்டில் தள்ளினால் அந்த பிராக்கெட் யானையையே தாங்கும், நீலமாகாமல் என்ன செய்யும்?

"வியூ கோணலா இருக்கு, அதான் அம்பும் கோணலாத் தெரியுது. நேரா நிறுத்தும்மா," என்று வெங்கட் சிரித்தார்.

"எங்க ஆபீஸ்லயும் இதே ரோதனைதான்," என்று காவியாவும் சிரித்தாள்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அம்பின் கோணல் சாஃப்ட்வேரின் தலையில் போய்விடும், விரிசல் ஜெயமணியின் தலையில். மாசக் கடைசியில் ரெனிட்டாவுக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வர வேண்டும். அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். ஜெயமணி அம்பைப் பார்க்கவில்லை, ரெனிட்டாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், வியூ மேல தப்பில்ல," என்றாள் ரெனிட்டா. "நான்தான் பிராக்கெட்டையே திருப்பி வெச்சிட்டேன். லோடு தப்பான பக்கம் போயிருக்கு. அந்த ரிப்போர்ட் செல்லாது சார்."

வெங்கட்டின் முகம் செத்துப்போனது. "என்னம்மா சொல்ற? கஸ்டமர் முன்னாடி!"

"பன்னண்டு நிமிஷம் குடுங்க சார்."

அம்பைத் திருப்பிக் கணக்கை மறுபடி ஓடவிட்டாள். மேஜையில் டீ ஆறியது. முடிந்ததும் தட்டு மடங்கும் மூலையில் சிவப்பு பூத்தது. வெல்டிங்குக்கும் அதற்கும் நான்கு விரல் தூரம். ஜெயமணி கையிலிருந்த பிராக்கெட்டில் விரிசல் அதே மூலையில்தான் இருந்தது.

"டிசைன்தான் தப்பு," என்றாள் காவியா. "தகடு கனம் பத்தாது. இவங்களை நாளைக்கே வெல்டிங் லைன்ல போடுங்க."

கூட்டம் கலைந்தது. வெங்கட் ரெனிட்டாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அவள் கண்ணில் நீரோடு கம்ப்யூட்டரை நிறுத்தினாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

ஜெயமணி உடைந்த பிராக்கெட்டை மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு வாரமா இதக் கையில வெச்சினு சுத்தறேன் மேடம். ஒருத்தரும் வாங்கிப் பாக்கல," என்றாள். "இங்கயே இருக்கட்டும். எப்படித் திருப்பினாலும் காணாமப் போவாது."