குறுக்குக் கல்

திங்கட்கிழமை காலை, குழியோரத்தில் மோசர் இடுப்பில் கையூன்றி நின்றிருப்பதைத் தவச்செல்வன் தூரத்திலேயே கண்டான். பழைய வீதியின் ஓரக்கல் ஒன்றைக் காணவில்லை.

அவன் அகதியாக வந்து சேர்ந்த பீல் நகருக்கு வெளியே, காட்டோரமாக, ரோமர் காலத்து வீதியொன்றை அந்தக் கோடை முழுவதும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வீதியும், அதன் கரையில் வழிப்போக்கர்கள் தங்கிய விடுதியொன்றின் அத்திவாரமும் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தன. மோசர்தான் பொறுப்பானவர். கோபம் வந்தால் குரல் உயராது, காது மட்டும் சிவக்கும். காணாமற்போனது இன்னும் படம் வரையப்படாத கல் என்றார். கிடந்த கிடையில் வரைந்துவிட்டால் அது சாட்சி, அதற்கு முன் யாராவது அசைத்துவிட்டால் வெறும் கல். மோட்டார்சைக்கிளில் வந்து இங்கே பியர் குடிக்கிற ஊர்ப் பொடியன்களின் வேலையாகத்தான் இருக்கும், பொலிசுக்குச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னார்.

கல் எங்கே இருக்கிறது என்று தவச்செல்வனுக்குத் தெரியும். எடுத்தவன் அவன்தான்.

வரைந்து முடித்த கற்களைக் குழியோரத்து மரத்தடியில் குவிப்பது வழக்கம். அந்தத் தட்டைக் கல்லும் குவியலுக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்ததால், கழித்துவிட்ட கல் என்று நினைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை மற்றவர்கள் போன பிறகு அதைத் தள்ளுவண்டியில் ஏற்றினான். குவியலிலிருந்து நீளமான இரண்டு கற்களையும் எடுத்துக்கொண்டான். மஞ்சள் வழிகாட்டிப் பலகைக்குக் கீழே, இன்றைய நடைபாதை பழைய வீதியைத் தொடுகிற இடத்தில் இரண்டையும் நட்டு, தட்டைக் கல்லைக் குறுக்கே போட்டான். கைகூப்பிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தான்.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே ஒருத்தி இறந்துபோனால், அவள் பேரால் வீதியோரத்தில் சுமைதாங்கி வைப்பது அவன் ஊர் வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய கைத்துணையும் இல்லாமல் சுமையை அந்தக் கல்லின் மேல் தள்ளிவிட்டு ஆறுவார். முன்பின் அறியாத ஒருவர் அப்படி இறக்கி வைக்கும்போது, போனவளின் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. அவன் மனைவி ஜெயகௌரி எட்டாம் மாதத்தில், சண்டைக்கால ஊரடங்கு நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக்கூட ஆட்கள் சேரவில்லை. கல் வைப்பதற்குள் சொந்தங்கள் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டன. அவனும் இங்கே வந்து சேர்ந்தான். இரண்டு வருடமாக அவள் சுமையை இறக்காமல் நின்றுகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு அவனை விட்டுப் போகவேயில்லை. சனம் நடந்து நடந்து தேய்த்த இந்த வீதியைக் கண்ட நாளிலிருந்து, வைத்தால் இங்கேதான் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை இதையெல்லாம் அறையில் கூட இருக்கும் யோகராஜாவிடம் சொன்னான். அவன் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். எதையும் பகிடி பண்ணாமல் விடமாட்டான்.

“இஞ்ச ஆரடா தலைச்சுமையோட வாறாங்கள்? உலாத்துற சனம் ஒரு தண்ணிப் போத்தலும் தடியும்தான் கொண்டு போகுது. அதுவும் இடுப்பளவு உயரமெண்டு சொல்லுறாய். ஆருக்கு வைச்சனி, குள்ளருக்கோ?”

தவச்செல்வன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். யோகராஜாவே தணிந்த குரலில் கேட்டான்: “கல்லு இறுகினதோ மச்சான்? ஆட்டங்கண்டு ஆற்றையும் காலில விழப்போகுது.”

இப்போது மோசர் பொலிஸ் என்கிறார். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை மிஞ்சும். வேலை போனால் அடுத்த முறை வதிவிட அனுமதியை நீட்டிக்கப் போகும்போது எந்த முகத்தோடு நிற்பது? ஆனால் அந்தப் பொடியன்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். சுமை இறக்க வைத்த கல்லில் இன்னொருவர் பழியை ஏற்றினால் கௌரி அதை எப்படித் தாங்குவாள்? அவன் கையை உயர்த்தி, “நான்” என்றான்.

மோசரையும் மற்றவர்களையும் மேலே நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மோசரின் காது சிவந்தது. கற்களைப் படம் வரைகிற கெர்பர் என்ற நரைத்தலை அம்மாள்தான், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இது என்ன என்று கேட்டாள். அவனிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை. தோண்டும்போது கிடைக்கும் ஓட்டுச் சில்லுகளைப் போடும் பெட்டியில் மண்ணை நிரப்பித் தலையில் வைத்து நடந்து வந்தான். கல்லருகே முழங்காலை மடித்து, பெட்டியைக் கல்லின்மேல் தள்ளிவிட்டு நிமிர்ந்தான். பிறகு தன் வயிற்றின் முன்னால் கையை வளைத்துக் காட்டி, மனைவி, பிள்ளை, இரண்டு பேரும் என்றான். அகதி விசாரணையில் கேட்டபோதுகூட மனைவி இறந்துவிட்டாள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். பிள்ளை என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

கல் திரும்பிப் போகவேண்டும் என்றார் மோசர். சொல்லிவிட்டு, ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். குழியோரத்து ஈரமண்ணில் கல்லின் அச்சு கலையாமல் இருந்தது. அதில் இறக்கியதும் அச்சொட்டாகப் பொருந்தியது. வேலையை விட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. நட்ட கற்களைப் பிடுங்கு என்றும் சொல்லவில்லை.

இரண்டு கற்களும் மேலே ஒன்றுமில்லாமல் நின்றன. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பார்க்க வந்த யோகராஜா, “கோல்போஸ்ட் மாதிரி நிக்குது” என்று தொடங்கி, தவச்செல்வனின் முகத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிள் செயினைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டான்.

புரட்டாதி கழியும்போது கெர்பர் அம்மாளின் சின்னக் கார் பின்பக்கம் தாழ்ந்தபடி வந்தது. இடித்துக் கட்டுகிற தாய்வீட்டின் வாசற்படிக்கல்லைக் கொண்டுவந்திருந்தாள். நடுப்பாகம் தேய்ந்து குழிந்திருந்தது. மூன்று தலைமுறை மிதித்த கல், எறிய மனம் வரவில்லை என்றாள். மிதித்த கல்லையா கௌரிக்கு வைப்பது என்று அவனுக்கு ஒரு கணம் நெஞ்சு கூசியது. ஆனால் அந்த வீட்டுச் சனத்தின் பாரத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் தாங்கிய கல் அது. இதைவிடத் தகுந்த கல்லைக் கடவுள் யார் கையில் கொடுத்தனுப்புவார்? மோசர் ரசமட்டத்தோடு வந்தார். குறுக்கே வைத்த கல்லில் அதை வைத்துப் பார்த்து, திருப்திப்படாமல், ஒரு பக்கத்தில் சில்லுக் கல் சொருகி, மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு பலர் அந்தப் பாதையில் போனார்கள். ஒருவர் நின்று படம் எடுத்தார். ஒரு கிழவர் உட்கார்ந்து அப்பிள் தின்றார். சுமையோடு ஒருவரும் வரவில்லை. ஐப்பசி வந்தது. குளிர் கல்லைப் பிளந்துவிடும் என்பதால் வீதியைத் திரும்ப மண்ணால் மூடும் வேலை தொடங்கியது.

அன்று மண் நிறைந்த தள்ளுவண்டியோடு திருப்பத்தில் வந்தவன் அப்படியே நின்றான். அலுமினியக் குழாயில் செய்த முதுகுக்கூடையில் ஒரு குழந்தையைச் சுமந்தபடி இளம்பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஏறி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கல்லுக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மெல்ல மடித்தாள். கூடையின் அடி வாசற்படிக்கல்லின் குழிவில் போய் உட்கார்ந்தது. உயரம் அளந்து வைத்ததுபோல் இருந்தது. தோள்பட்டிகளிலிருந்து கைகளை உருவி, ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி, மற்றக் கையால் தோளை நீவிவிட்டுக்கொண்டாள். குழந்தை பாண் துண்டைச் சப்பியபடி, தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது.

வண்டியைக் கீழே வைத்தால் இரும்புக்கால் பாதைக் கல்லில் பட்டுச் சத்தம் கேட்கும். அவள் ஆறி முடிக்கும்வரை, மண் பாரத்தை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தபடியே அவன் நின்றான்.