இறங்கத் தெரியாத நிழல்

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை நண்பகலில், ஒரு விமான நிறுவனம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய நிழல் இல்லாமல் தாயிடம் ஒப்படைத்தது. ஒப்படைத்ததற்குக் கையொப்பமும் பெற்றுக்கொண்டது. அந்த நிழல் இன்றுவரை திருப்பித் தரப்படவில்லை. வருத்தம் தெரிவித்து நிறுவனம் ஒரு வரிகூட எழுதவில்லை. நிழலுக்குப் பதிலாக அவளோடு வந்தவை, விமானத்தில் கொடுத்த வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றும் மெழுகு வண்ணக்குச்சிகள் நான்கும்தாம். அவற்றுள் ஒன்று உடைந்திருந்தது.

சிறுமியின் தந்தை கண்ணாடி வெட்டுபவர். அலமாரிக் கதவு, கடை முகப்பு, குளியலறை நிலைக்கண்ணாடி என எதைக் கேட்டாலும் அளவெடுத்து, கோடு கிழித்து, ஒரே தட்டில் பிசிறில்லாமல் பிரித்துக் கொடுப்பவர். பள்ளி விட்டதும் மகள் நேராகக் கடைக்கு வருவாள். உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்து, அனுப்பத் தயாராக நிற்கும் ஒவ்வொரு கண்ணாடியையும் தலை சாய்த்துப் பார்ப்பாள். "அப்பா, இதுல யாரோ கை வெச்சிருக்காங்க. தொடைங்க," என்பாள். சொன்ன இடத்தில் கைத்தடம் இருக்கும். கடையில் அவளை முதலாளியம்மா என்றே அழைத்தார்கள். "மாசக் கடைசியில எனக்கே ஏதாச்சும் தேறுமான்னு இந்தம்மாவைத்தான் கேக்கணும்," என்று உண்மையான முதலாளி புலம்புவார். அவளுடைய தாய் கடல் கடந்த நாடொன்றில், ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தார்கள். விரிப்பு மடிக்கும் கைகள் தேவை, கண்ணாடி வெட்டும் கைகள் தேவையில்லை என்று அந்த நாடு முடிவு செய்தது. எனினும் ஒரு வழியை விட்டுவைத்தது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தை அங்கே வந்து போய்க்கொண்டிருந்தால், ஐந்தாம் ஆண்டின் முடிவில் தந்தையும் வந்து சேரலாம், ஒருமுறை தவறினாலும் எல்லாம் செல்லாமற்போகும். தாய் தங்கியிருந்த பணியாளர் விடுதியிலோ, குழந்தையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. ஆகவே அந்தச் சிறுமி, குடும்பத்தின் ஒரே நம்பிக்கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தனியாக வானில் போய்வர வேண்டியதாயிற்று. இதற்கு ஏற்பாடு என்று பெயர் வைத்தார்கள். அநியாயம் என்றொரு சொல் அகராதியில் சும்மா கிடக்கும்போதே அப்படிப் பெயர் வைத்தார்கள்.

விமான நிறுவனத்தின் நகர அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்லவர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "அஞ்சு வயசுக்குக் கீழன்னா ஏத்த மாட்டோம் சார். பன்னெண்டு தாண்டிட்டா எதுவும் கேக்க மாட்டோம். நடுவுல இருக்கறவங்கதான் எங்க பொறுப்பு," என்றார். பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம், பெற்றுக்கொள்பவரின் ஒளிப்படம், அவருடைய அடையாள அட்டையின் நகல், குழந்தைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்ற விவரம், யாவற்றையும் கண்ணாடிக்காரர் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தார்.

"அங்க வாங்கிக்க ஆள் வரலன்னா?"

"திருப்பி அனுப்பிடுவோம்."

"யார்கிட்ட?"

"ஒப்படைச்சவர்கிட்டதான். அதனால பிளேன் மேல ஏறுற வரைக்கும் நீங்க ஏர்போர்ட்டை விட்டு நகரக் கூடாது. அது ரூல்."

நல்ல விதியாகத்தான் அவருக்குப் பட்டது. புறப்படும் நாளில், நீலச் சீருடை அணிந்த பணிப்பெண் ஒருத்தி, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பையொன்றைச் சிறுமியின் கழுத்தில் மாட்டி, கடவுச்சீட்டையும் படிவங்களையும் அதில் செருகி, கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள். வழியனுப்புவோருக்கும் பயணிகளுக்கும் நடுவே இருந்த சுவர் முழுவதும் கண்ணாடி. சூட்டில் பதப்படுத்திய தடித்த கண்ணாடி. ஒருமுறை பதப்படுத்திவிட்டால் எந்தக் கோலாலும் வெட்ட முடியாதது. மகள் அதன் மறுபுறம் நின்று உள்ளங்கையைப் பதித்தாள். பிறகு அந்தத் தடத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னாள். கேட்கவில்லை, ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். சட்டைக் கையால் தம் பக்கத்தை நன்றாகத் துடைத்தார். தடம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

நிழல் இல்லை என்பதை முதலில் கண்டவர் தாய். விமான நிலையத்துக்கு வெளியே, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் பேருந்துக்காக நின்றபோது, நடைபாதையில் தம் நிழல் மட்டும் ஒரு கையை நீட்டி, எதையும் பிடிக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உள்ளே ஓடிக் கேட்டார். பணியிலிருந்தவர் அவருடைய கையொப்பத்தை அவருக்கே காட்டினார். "வாங்கும்போதே பாத்து வாங்கியிருக்கணும்மா," என்றார்.

ஒரு மாதம் கழித்து மகள் திரும்பி வந்தபோதும் நிழல் வரவில்லை. கண்ணாடிக்காரர் அவளையும் அழைத்துக்கொண்டு, காணாமற்போன உடைமைகளை விசாரிக்கும் முகப்புக்குச் சென்றார். அங்கிருந்த இளைஞன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"என்ன கலர்?"

"நிழல் தம்பி. கருப்புதான்."

"கருப்பு. சைஸ்?"

"காலையில பெருசா இருக்கும். மத்தியானம் சின்னதாயிடும்."

"மடிக்கக்கூடியது," என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தான். "உள்ள வெலை உசந்த பொருள் ஏதாவது இருந்துச்சா?"

முதலாளியம்மா முகப்பின்மேல் எக்கிப் பார்த்தாள். "அண்ணா, உங்க கம்ப்யூட்டர் பூரா ஒரே கைரேகை," என்றாள்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. 'ஏற்றப்பட்டதாகப் பதிவு செய்யப்படாத நிலையில் இழக்கப்பட்டதாகக் கருதப்பட இயலாது' என்பதே அதன் முழு வாசகம். யார் ஏற்றினார், யார் இழந்தார், யார் கருதவில்லை என்று சொல்ல அதில் ஓர் எழுவாய்கூட இல்லை. எழுவாயை ஒளித்துவிட்டால் குற்றவாளியையும் ஒளித்துவிடலாம் என்பது அலுவலகங்கள் அனைத்தும் அறிந்த கலை. அடுத்த பயணத்தின்போது கண்ணாடிக்காரர் விடவில்லை. மகளிடம் இருப்பவற்றையெல்லாம் படிவத்தில் எழுதச் சொன்னார்: குரல், காலடி ஓசை, எடை, இடக் கன்னத்துக் குழி. அதிகாரி சலிக்காமல் எழுதினார். அந்த முறை காலடி ஓசை வந்து சேரவில்லை. பதிவு இருந்தமையால் நிறுவனம் இழப்பை ஒப்புக்கொண்டு ஒரு பொம்மை விமானத்தை அனுப்பிவைத்தது. மகளுக்கு என்னவோ மகிழ்ச்சிதான். ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்று கடையில் எல்லாரையும் திடுக்கிட வைத்தாள். "ஆளுக்கு ஒரு கண்ணாடி ஒடைச்சாச்சு. இந்தம்மா கடையை மூடிட்டுத்தான் ஓயும்," என்றார் முதலாளி. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் படம் எடுத்த ஒளிப்படக்காரரோ வியந்து பாராட்டினார்: "பின்னால நெழல் விழுந்துச்சுன்னு எத்தனை படம் திரும்பி வருது தெரியுமா சார்? எல்லாரும் உங்க பொண்ணு மாதிரி இருந்துட்டா எனக்குத் தலைவலியே இல்ல."

மூன்றாம் ஆண்டில் எடை குறையத் தொடங்கிற்று. போகும்போது இருந்தது வரும்போது இல்லை. தந்தை அவளுடைய பள்ளிப்பையில் பழைய கதவுக் கீல்களைப் போட்டு அனுப்பினார். தாய், மருத்துவமனைக் கட்டில்களுக்குச் செய்வதுபோல விரிப்பின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி அவளைப் படுக்கவைத்தார்; இல்லாவிட்டால் விடியும்போது விடுதி அறையின் கூரையில் மூக்கு உரச உறங்கிக்கொண்டிருப்பாள். அடுத்த ஆண்டில் கன்னத்துக் குழி போயிற்று. நிறுவனம் மற்றுமொரு பொம்மை விமானத்தை அனுப்பிற்று.

நிறுத்திவிடலாம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை என்று எவரும் எளிதாகப் பேசிவிட வேண்டாம். ஒவ்வொரு முறையும் நினைத்தார்கள். ஆனால் குழந்தை யாரிடம் இருந்ததோ, அவர் மட்டுமே நினைத்தார்.

"போதும்மா. மிச்சம் இருக்கறதாச்சும் நமக்கு இருக்கட்டும்," என்று கண்ணாடிக்காரர் தொலைபேசியில் சொல்வார்.

"உங்களுக்கென்ன, பக்கத்துலயே வெச்சிருக்கீங்க. நான் அவ சட்டையைத்தான் மடிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச தடவைதாங்க."

மகள் அங்கே போய்ச் சேர்ந்ததும் பேச்சு இடம் மாறிவிடும்.

"என்னங்க, இவளை இனிமே ஏத்திவிட எனக்குக் கை வராது. பயமா இருக்குங்க."

"அப்படிச் சொன்னா எப்படிம்மா? இத்தனை வருஷமும் வீணாப் போயிடும்ல? பத்திரமா அனுப்பிவை."

ஒரே வாக்கியங்களை இருவரும் முறைவைத்து மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் வென்றது, குழந்தை அருகில் இல்லாதவரின் வாக்கியமே. ஒருநாள் கடையில், மிதந்துவிடாதபடி தன்னை முக்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை மகள் சரிசெய்துகொண்டிருந்தபோது, நிழலும் ஓசையும் எடையும் எங்கே போயின என்று கண்ணாடிக்காரர் அவளையே கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் எங்கயும் போகலப்பா," என்றாள் அவள். "பிளேன்லதான் இருக்கு. ஜன்னலோரமா ஒக்காந்திருக்கு. நான் ஏறினதும் வந்து ஒட்டிக்கும்."

"அப்ப இறங்கும்போது கூட்டிக்கிட்டு வரவேண்டியதுதானே?"

"கூப்பிட்டேனே! ரெண்டு பக்கமும் கூப்பிடறாங்களாம். எந்தப் பக்கம் இறங்கறதுன்னு அதுக்குத் தெரியலயாம்."

அன்று மாலைவரை அவர் வெட்டிய கண்ணாடி ஒன்றும் அளவுக்கு வரவில்லை.

ஐந்தாம் ஆண்டின் கடைசிப் பயணத்துக்குப் புறப்பட்டபோது அவளிடம் எஞ்சியிருந்தவை உருவமும் குரலும் கைத்தடமும்தாம். பன்னிரண்டு வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. விமானம் மேலே ஏறும்வரை கண்ணாடிக்காரர் விதிப்படி காத்திருந்தார். மறுமுனையில், நீலச் சீருடைப் பணிப்பெண் ஒரு கையில் கழுத்துப் பையைத் தூக்கிப் பிடித்தபடியும், மறுகையின் விரல்களை ஒரு சிறு கையைப் பற்றியிருப்பதுபோல மடக்கியபடியும் வெளியே வந்தாள்.

"நல்லாச் சாப்பிட்டா, தூங்கினா, பெல்ட்டைக் கழட்டவே இல்ல. ரொம்பச் சமத்து. இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

"எம் பொண்ணு எங்க?"

பணிப்பெண் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வாங்கிக்கலன்னா திருப்பி அனுப்பினதா எழுதணும்மா. அப்படி எழுதிட்டா இந்தத் தடவை அவ உள்ள வந்ததாவே ஆகாது. அஞ்சு வருஷமும் போயிடும்."

தாய் கையொப்பமிட்டார். அந்தக் கையொப்பத்தால் ஐந்தாண்டும் காப்பாற்றப்பட்டன. அடுத்த மாதமே தந்தைக்கு அனுமதி வந்தது.

கண்ணாடிக்காரர் வாழ்நாளில் முதன்முறையாக விமானத்தில் ஏறினார். அவருக்குப் பக்கத்தில், சன்னலோர இருக்கையில் ஆளில்லை. ஆனால் இருக்கைப் பட்டை மாட்டியிருந்தது. "அந்த சீட் அப்படித்தான் சார். கழட்டினா மறுபடி தானா மாட்டிக்குது," என்று சொல்லிவிட்டு, உணவுத் தட்டொன்றை அங்கேயும் வைத்துப் போனாள் ஒரு பணிப்பெண். விமானம் மேகத்துக்கு மேலே ஏறியதும், அவருடைய முழங்காலின்மேல் ஒரு சிறு நிழல் விழுந்தது. இருக்கைகளுக்கு நடுவே காலடி ஓசை ஓடிப் போய் ஓடி வந்தது. பிறகு அவருடைய இடத் தோளில் எடை வந்து சாய்ந்தது. பதினோரு வயதுக் குழந்தைக்கு இருக்கவேண்டிய எடை. ஒரு துளியும் குறையவில்லை. சன்னல் கண்ணாடியில் கைத்தடம் ஒன்று மெல்லத் தெளிந்தது. பழக்கத்தால் அவருடைய கை சட்டை முனையை இழுத்துக்கொண்டு நீண்டது.

"அப்பா, அதுல நான் கை வெச்சிருக்கேன்," என்று காதருகே குரல் கேட்டது. "தொடைக்காதீங்க."

விமானம் தரையைத் தொட்டதும் தோளின் எடை அகன்றது. எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் எழவில்லை. தரைப்பணி அதிகாரி ஒருவர் வந்தார், பொறுமையாகக் கேட்டார், பதிவுகளைப் புரட்டினார். "உங்க பொண்ணைப் போன மாசமே ஒப்படைச்சாச்சு சார். அம்மா கையெழுத்து இருக்கு. ஒருத்தரை ரெண்டு தடவை ஒப்படைக்க முடியாது," என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. வெளியே மனைவி காத்திருந்தார். கணவரின் இடத் தோளைத் தொட்டுப் பார்த்தார். அங்கே இன்னும் சூடு இருந்தது. தம் தலையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

இப்போது இருவரும் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இருவரில் ஒருவர் விமானத்தில் ஏறிப் போய், மகளோடு சில மணி நேரம் இருந்துவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பி வருகிறார். அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த அன்று நிறுவனம் வாழ்த்து அட்டை அனுப்பியது. இனி அவள் எவர் துணையும் இன்றிப் பயணம் செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. விமானத்தைத் துப்புரவு செய்பவர்கள் அந்தக் கைத்தடத்தை ஒவ்வொரு முறையும் துடைக்கிறார்கள்; அது ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது; தடம் மட்டும் சற்றும் வளரவில்லை. வேறு வழித்தடங்களிலும் இப்போது இத்தகைய இருக்கைகள் தென்படுகின்றன. பயணிகள் பழகிக்கொண்டார்கள்.

நீங்களும் பழகிக்கொண்டிருப்பீர்கள். ஆளில்லாத சன்னலோர இருக்கையில் பட்டை மாட்டியிருந்தால் அதைக் கழற்றாதீர்கள். கண்ணாடியில் சிறிய கைத்தடம் இருந்தால் துடைக்காதீர்கள். அதற்கெல்லாம் முன்பாக, காலியாகத்தானே இருக்கிறது என்று அந்த இருக்கையில் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பையை எடுங்கள்.