பஞ்சலிங்கத்தின் கறண்ட்

பஞ்சலிங்கத்தின் வீட்டில் இரண்டு வருடமாக ஒரு சண்டை. பெரிய சண்டையென்று சொல்ல முடியாது. கோழிக்கொட்டிலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கிடந்த ஒரு டைனமோதான் காரணம். உழவு இயந்திரத்தின் பின்பக்கத்தில் பூட்டி ஓட்டினால் கறண்ட் தரும் சாமான் அது. கொடிகாமத்தில் மூடப்போன அரிசி ஆலை ஒன்றில் கண்டு, கண்ட இடத்திலேயே மனதைப் பறிகொடுத்து, வீட்டில் ஒரு சொல்லும் கேளாமல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் மனுசன். மனைவி ஜெயகௌரி அதற்கு வைத்த பெயர் 'இரும்பு'.

"உங்கடை இரும்பிலை சேவலாவது ஏறி நிண்டு கூவுது. அதுக்கெண்டாலும் உதவுதே!" என்பாள். பஞ்சலிங்கம் போய்ச் சேவலைத் துரத்திவிட்டு வருவார். வேறென்ன செய்வது? அவர்களின் ஊரான உரும்பிராயில் அந்த இரண்டு வருடமும் கறண்ட் ஒழுங்காக இருந்து தொலைத்தது.

கார்த்திகையில் வந்தது புயல். ஊரை ஒரு உலுக்கு உலுக்கி, வீட்டுக்கு முன்னால் ஓடும் சின்னத் தெருவான ஒழுங்கையின் முடக்கில் நின்ற வேப்பமரத்தைச் சாய்த்து, கறண்ட் கம்பியையும் அறுத்துப்போட்டது. மற்ற வீடுகளுக்கு அது வெறும் இருட்டு. ஜெயகௌரிக்கு அப்படியில்லை. அவளுடைய அறைக்குள் குஞ்சு பொரிக்கும் மெசின் இருந்தது, மெசின் நிறைய முட்டை இருந்தது. அதுவும் அவளுடைய முட்டைகளா? ஒழுங்கை முழுக்கக் கொடுத்த ஊர்க்கோழி முட்டைகள். பொரித்தால் பாதிக் குஞ்சு முட்டைக்காரருக்கு, பாதி அவளுக்கு என்ற வாரப் பேச்சு. எந்த முட்டை எந்த வீடென்று பென்சிலால் எழுத்துப் போட்டிருந்தாள். முதல்முறையாக இவ்வளவு வைத்தாள். நாளைக்குப் பொரிக்க வேண்டும். குளிர்ந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். பிறகு ஒழுங்கையில் யாருடைய முகத்தில் முழிப்பது?

கையால் தூக்கக்கூடிய சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர் ஒன்று வைத்திருந்தார்கள். அது இரவு ஓடி, விடிய இருமி, பிறகு படுத்தேவிட்டது. பஞ்சலிங்கம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டார். ஜெயகௌரி மெசினைச் சுற்றிச் சாக்குப் போர்த்து, சுடுதண்ணிப் போத்தல்களை உள்ளே வைத்து, கடைசியில் வெளியே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இஞ்சாருங்கோ, உந்த இரும்பு வேலை செய்யுமோ?"

அடேயப்பா! இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்காகத்தானே மனுசன் காத்திருந்தார். படங்கை இழுத்தெறிந்தார், சேவலைத் துரத்தினார், உழவு இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்து டைனமோவைப் பூட்டினார். ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் போட்டு, ஒன்றை டைனமோவிலும் மற்றதை வீட்டுச் சுவரிலும் குத்தினார். மெசின் மட்டும் ஓடினால் போதாது, வீடு முழுக்க எரிய வேண்டும், கௌரி அதைப் பார்க்க வேண்டும். ஆசை யாரை விட்டது?

இயந்திரம் உறுமியது. அறை விளக்கு எரிந்தது. பஞ்சலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைப் பார்க்கத் திரும்பின நேரம், வேலிக்கு அங்காலே அயல்வீட்டுப் பூரணம் கத்தினாள்.

"கௌரி! கறண்ட் வந்திட்டுது!"

ஒழுங்கை நெடுக அதே சத்தம். ஒரு வீட்டில் ரேடியோ, இன்னொரு வீட்டில் மிக்சி, பூரணத்தின் கிணற்றில் மோட்டர். பஞ்சலிங்கத்துக்கு வந்ததே கோபம். கண்டறியாத கறண்ட்! இத்தனை நேரமும் வராமல், என்ரை டைனமோ தொடங்கின நிமிசத்திலேயா வரவேணும்? போதாததற்கு உழவு இயந்திரம் வேறு கரும்புகை கக்கி முக்கியது. மனம் வெறுத்துப்போய் நிறுத்தினார்.

"ஐயோ, கறண்ட் போட்டுது!" என்றாள் பூரணம்.

பஞ்சலிங்கம் மறுபடி தொடக்கினார்.

"வந்திட்டுது!"

நிறுத்தினார்.

"அறுவார், திரும்பவும் போட்டுது!"

மனுசன் உழவு இயந்திரத்தின் இருக்கையில் அப்படியே இருந்தார். மெதுவாக உறைத்தது. வீட்டு மெயின் சுவிச்சை இறக்கவில்லை. அவருடைய கறண்ட் வீட்டோடு நிற்காமல் ஒழுங்கைக் கம்பி வழியே ஏறிப்போய், பூரணத்தின் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. அதை நினைத்துச் சிரிப்பு வர முதலே வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வேப்பமரத்தடியில் கம்பி பொருத்திக்கொண்டிருந்த லைன்மன் ஜெயசுதன். ஆளின் முகம் வெளிறியிருந்தது.

"ஆர் ஜெனரேற்றர் ஓட்டினது? நீங்களோ அண்ணை? கம்பியிலை கை வைக்க முதல், கறண்ட் ஓடுதோ எண்டு ரெஸ்ரர் வைச்சுப் பாத்தனான். பாக்காட்டி இண்டைக்கு என்ரை பிள்ளையள் தேப்பனில்லாமல் நிண்டிருக்குங்கள்!"

பஞ்சலிங்கம் உழவு இயந்திரத்திலிருந்து இறங்கினார். "தம்பி, சத்தியமா நான் யோசிக்கேல்லை" என்றார்.

ஜெயகௌரி ஓடிப்போய் மெயினை இறக்கி, ஒருவரும் தூக்காதபடி சேலைத் துண்டால் கட்டினாள். இரண்டு பக்கமும் பிளக் பூட்டிய வயரை ஜெயசுதன் சுவரிலிருந்து பிடுங்கி வெட்டி எறிந்தான்.

"வீட்டு வயரைத் தொடாதேங்கோ. குஞ்சு மெசினை நேரா டைனமோவிலை குடுங்கோ. அது மட்டும் ஓடட்டும்."

அப்படியே செய்தார். என்ன ஆச்சரியம், ஒழுங்கையைத் தாங்காமல் முக்கின அதே உழவு இயந்திரம் இப்போது நோகாமல் ஓடியது. மெசினில் சூடு ஏறியது. ஜெயகௌரி உள்ளே கை வைத்துப் பார்த்து, மூச்சை விட்டாள். ஜெயசுதனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடித்து முடித்து, கோபமும் ஆறி, காற்சட்டைப் பையைத் தடவினான்.

"அண்ணை, போனைச் சார்ச்சிலை போட ஒரு ஓட்டை கிடக்கோ?"

அவன் போய்ச் சொன்னானோ என்னவோ, பின்னேரம் ஒழுங்கையே போனும் கையுமாக வந்தது. வெறுங்கையாக ஒருவரும் வரவில்லை. ஒரு சோடாப் போத்தலில் டீசல், ஒரு பழைய எண்ணெய்க் கலனில் டீசல். பூரணம் தன் மகனின் உழவு இயந்திரத்திலிருந்து ஒரு வாளி உறிஞ்சி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தன் முட்டையும் உள்ளே கிடக்கிறதல்லவா! "பஞ்சலிங்கம், உன்ரை கறண்டிலை என்ரை தொட்டி அரைவாசி நிரம்பிச்சுது, தெரியுமோ?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். ஒழுங்கை சிரித்தது. பஞ்சலிங்கமும் சிரித்தார். ஜெயகௌரி மட்டும் சிரிக்கவில்லை. அது அவருக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை முதல் ஓடு வெடித்தது. 'பூ' என்று எழுதின முட்டை. ஈரத்தோடு ஒரு குஞ்சு தலையை நீட்டிக் கத்தியது. பின்னால் இன்னொன்று, பிறகு எண்ண முடியாத கீச்சுச் சத்தம். புருசனும் பெண்சாதியும் மெசினின் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தார்கள்.

அந்த நேரம் வேலிக்கு அங்காலே மறுபடி பூரணம்.

"கறண்ட் வந்திட்டுது! பஞ்சலிங்கம், உன்ரை மெயினை ஒருக்காப் பாரப்பா!"

ஒழுங்கையில் ஒருவரும் நம்பவில்லை. பஞ்சலிங்கம் ஓடிப்போய்ப் பார்த்தார். மெயின் இறங்கித்தான் கிடந்தது, சேலைத் துண்டும் கட்டினபடியே. ஜெயசுதன் கம்பி பொருத்தி முடித்துவிட்டான். இது உண்மையான கறண்ட். மனதுக்குள் சின்ன ஏமாற்றம், மறைப்பானேன். உழவு இயந்திரத்தை நிறுத்தப் போனார்.

"எங்கை போறியள்?" அறைக்குள்ளிருந்து ஜெயகௌரி கேட்டாள்.

"கறண்ட் வந்திட்டுதெல்லோ. நிப்பாட்டப் போறன்."

"உந்தக் கறண்டை ஆர் நம்பிறது? பாதி முட்டை இன்னும் கிடக்கு. எங்கடை டைனமோ ஓடட்டும்."

பஞ்சலிங்கம் அசையாமல் நின்றார். இரண்டு வருடத்தில் முதல்முறை அவள் இரும்பு என்று சொல்லவில்லை. 'எங்கடை' என்று வேறு சொல்லிவிட்டாள். மனுசன் போய், ஓடிக்கொண்டிருந்த உழவு இயந்திரத்தில் மிச்சமிருந்த டீசல் எல்லாவற்றையும் ஊற்றினார்.