அரளிக்கு வந்த தண்ணீர்

வசந்தாமணியின் அரளித் தோட்டத்துக்கு ரிசார்ட்டிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கிய நாள் முதல் ஊர் வாய் ஓயவில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். குளியலறையிலிருந்து வருகிறது, துணி துவைக்கும் இடத்திலிருந்து வருகிறது, சமையலறையிலிருந்து வருகிறது. நாலாவதாக ஓர் இடமும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்கள்; ஆனால் சொல்லாமல் விட்டவர் ஒருவரும் இல்லை.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், முன்பு கொள்ளு விதைத்துக்கொண்டிருந்த மேட்டுக்காட்டில் எழுந்திருந்தது அந்த ரிசார்ட். தென்னைக்கு நடுவே ஓட்டு வீடுகள், நடுவில் நீச்சல் குளம். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, கண்ணாடிக் குடுவையில்தான் தண்ணீர். காய்கறி எல்லாம் சுற்றுவட்டாரக் காடு கழனிகளிலிருந்து. துண்டும் விரிப்பும் துவைப்பது ஊர்ப் பெண்கள் குழு. இலை தழை, காய்த்தோல் எல்லாம் குழியில் மக்கி எருவாகும். இதையெல்லாம் எழுதி வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் எழுதாமலே இப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு யாரும் பலகை வைக்கவில்லை. அதற்காக ரிசார்ட்டைக் குறை சொல்லவும் முடியாது. எழுதியதைச் செய்தார்கள்.

அங்கே மேலாளர் சபரிநாதன். சேலம் சூரமங்கலத்து ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை; பேச்சில் பணிவும் நடையில் அவசரமும் உள்ளவர். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளை அவர் தன் பிள்ளையைக் காட்டுவதுபோல் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ரிசார்ட் தோட்டத்துக்குப் போக மிஞ்சும் தண்ணீரை அக்கம்பக்கத்துக் காடுகளில் கேட்கிறவருக்குச் சும்மாவே தருகிறோம் என்று கோடை தொடங்கும்போது சொல்லி அனுப்பினார். ஒருவரும் வரவில்லை. பக்கத்துக் காட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வாடிக்கொண்டிருந்த செல்லியம்மாள்கூட வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

வசந்தாமணி போனாள். அவளுக்கு வேறு வழி இல்லை. அவள் தோட்டத்து ஆழ்குழாய் போர் வற்றிப்போயிருந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று போட்டதில் புழுதி பறந்ததுதான் மிச்சம். அரளி லேசில் சாகிற செடி இல்லை. ஆனால் சாகாமல் இருப்பது வேறு, பூப்பது வேறு. பூத்தால்தான் விடியற்காலையில் மொட்டுப் பறித்துக் கட்டி சந்தைக்கு அனுப்ப முடியும், வீட்டில் அடுப்பு எரியும்.

பைப் போட்டு, தண்ணீர் பாய்ந்து, செடி தளதளவென்று மொட்டு விட்ட பிறகுதான் வினையே வந்தது. ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோன்பி நெருங்கியது. பூச்சாட்டுப் பூ, அதாவது நோன்பி தொடங்குவதற்கு அடையாளமாக அம்மனுக்குப் போடும் முதல் பூ, வசந்தாமணியின் மாமனார் காலத்துக்கும் முன்பிருந்தே அவர்கள் வீட்டிலிருந்துதான் போகும். அவர்களுக்கு நிலம் எவ்வளவு என்று கேட்டால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பூ யார் வீட்டுப் பூ என்று கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் வசந்தாமணி தலை நிமிர்ந்து நடந்ததெல்லாம் அந்த ஒரு கூடைப் பூவால்தான்.

கோயில் காரியம் பார்க்கும் சுவாமிநாதன் அவள் கணவன் செங்கோட்டையனுக்குப் பங்காளி, தம்பி முறை. அண்ணன் மனைவி என்பதால் அவளை நங்கை என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நங்கை, நான் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க. அந்தத் தண்ணியில வெளஞ்ச பூவை அம்மன் தலையில எப்புடிங்க வெக்கறது? ஊருல பேசறாங்க."

"கோழி எருப் போட்ட பூவைத்தானுங்களே இத்தனை வருசமா வெச்சம்?"

"கோழி வேறைங்க, மனுசன் வேறைங்க."

மறுநாள் வசந்தாமணி சபரிநாதனிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கோயில் திடலுக்கே வந்தார். கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து, ஆய்வகத்தில் சோதித்ததையெல்லாம் சொல்லி, எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்தும் காட்டினார். அத்தோடு காரியம் கெட்டது. அதைக் குடித்தவரை நோன்பி முடியும்வரை கோயிலுக்குள் விடலாமா என்று புதிதாக ஒரு பேச்சு கிளம்பியதுதான் கண்ட பலன்.

கடைசியில் பூ கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத காரியத்துக்கெல்லாம் அதுதான் வழி. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். கேட்கிறவர் மனதில் நினைத்துக்கொள்ள, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆகட்டும், சிவப்பு வந்தால் ஆகாது. இங்கே கேட்கிறவள் வசந்தாமணி. சிவப்பு வந்தால் ஒன்று அந்தத் தண்ணீரை விடவேண்டும், இல்லை பூ உரிமையை விடவேண்டும் என்று சுவாமிநாதன் சொன்னார். செங்கோட்டையன் தலையாட்டிவிட்டான். தோட்டமா, மானமா என்று ஆகிவிட்டது வசந்தாமணிக்கு.

அன்று கோயிலில் முதல் வழக்கு வேறு மாதிரி வந்தது. பூ கேட்பதற்கான பூவும் வழக்கமாக அவள் தோட்டத்துப் பூதான். அந்தப் பூ ஆகுமா ஆகாதா என்று அந்தப் பூவையே வைத்து எப்படிக் கேட்பது? கடையில் வாங்கலாம் என்றால், கேட்பதற்கு முன்பே உரிமையைப் பறித்ததாகிவிடாதா? இதை வைத்து வெயில் ஏறும்வரை பேசினார்கள். ஆளுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்கள், எல்லாமே நியாயமாகவும் இருந்தன. பூசாரி பச்சமுத்து பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய், கோயிலுக்குப் பின்னால் கவனிப்பாரில்லாமல் நின்ற வெள்ளரளியிலும் செவ்வரளியிலும் ரெண்டு ரெண்டு பூ பறித்துக்கொண்டு வந்தார்.

பொட்டலங்கள் தட்டில் விழுந்தன.

"அம்மனை நெனச்சுக் கேட்டுக்கங்க, அம்மிணி," என்றார் பச்சமுத்து.

வசந்தாமணி கண்ணை மூடினாள். இந்தத் தண்ணீரில் விளைந்த பூவை உனக்குப் போடலாமா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் அம்மன் முகத்துக்கு நேராக நின்றபோது அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. பெற்றவளைவிட மேலானவளிடம் போய், கக்கூசுத் தண்ணீர் உனக்குப் பரவாயில்லையா என்று எப்படிக் கேட்பது? அந்தக் கூச்சத்தில் மனதுக்குள் வார்த்தை திரும்பிக்கொண்டது. ஆத்தா, அந்தத் தண்ணி வேண்டாம்னு நான் உட்டுரட்டுமா என்றுதான் கேட்டாள்.

பச்சமுத்து எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

கூட்டம் குலவையிட்டது. சுவாமிநாதன் கண்கலங்கி அருகில் வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க, நங்கை. ஊருக்குன்னு ஒருத்தன் கேக்கோணுமில்லீங்க," என்றார். உண்மையில் அவர் கெட்ட மனிதர் இல்லை; அவருக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. செங்கோட்டையன் நான்கு பேருக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

வசந்தாமணி மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்டுரட்டுமா என்று கேட்டதற்கு அம்மன் ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள். இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் செத்தாலும் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். செங்கோட்டையன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஊரே கூடி ஒண்ணு கேட்டுச்சு. நீ ஒருத்தி ஒண்ணு கேட்ட. அம்மன் ஊருக்குத்தானே பதில் சொல்லியிருப்பா?"

"ஊரு நெனச்சுதுங்க. அங்க நின்னு கேட்டது நானுங்க."

"சரி, அப்ப இன்னொரு தடவை கேட்டுப்புடு. இந்தத் தடவை நேராக் கேளு."

"நமக்குப் புடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேக்கறதுக்குப் பேரு கேக்கறதாங்க?"

அவன் கோபத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள்மீது கோபமா, அம்மன்மீது கோபமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வசந்தாமணிக்கு அம்மன்மீதுதான் கோபம். பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்விட்டுத் திட்டினாள். "இத்தனை வருசம் பூப் போட்டவளுக்கு நீ செய்யற காரியமா இது? நான் கூச்சப்பட்டு மாத்திக் கேட்டா, பெத்தவ நீ புரிஞ்சுக்க மாட்டியா?" திட்டித் தீர்த்தபின் அழுதாள். அழுது முடித்தபோது ஊர் கேட்டதற்குக் கிடைத்தது ஊருக்கு, தான் கேட்டதற்குக் கிடைத்தது தனக்கு என்று மனம் ஒரு நிலைக்கு வந்திருந்தது. பூ ஆகும், தண்ணீருக்குத் தீட்டு இல்லை. ஆனால் அவள் அதை விட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டவில்லை. முட்டியிருந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டிருக்கலாம், நன்றாக இருந்திருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

விடிந்ததும் ரிசார்ட்டுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே கூட்டம். வெள்ளைப் பூ வந்த செய்தி பரவி, நேற்றுவரை மூக்கைப் பிடித்தவர்கள் எல்லாம் இன்று தங்கள் காட்டுக்கும் பைப் வேண்டும் என்று நின்றார்கள். சபரிநாதன் முகம் மலர்ந்தும் வியர்த்தும் இருந்தது. மிஞ்சுகிற தண்ணீர் ஒரு தோட்டத்துக்குத்தான் காணும் என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. செல்லியம்மாள் மட்டும் கேட்கக் கூச்சப்பட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

வசந்தாமணி அவரைத் தொட்டிகள் இருக்கும் பக்கம் தனியாக அழைத்துப் போனாள்.

"சார், என்ற தோட்டத்துக்கு வர்ற பைப்பை செல்லியம்மா காட்டுப் பக்கம் திருப்பி உட்டுருங்க. அவளுக்குக் கெழங்கு போனா இந்த வருசமே போச்சுங்க."

"ஏங்கம்மா? அதான் ஊரே ஒத்துக்கிச்சே?"

கோயிலில் நடந்ததைச் சொன்னாள். சபரிநாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர், இதையெல்லாம் நம்புகிறவரா என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அவர் சிரிக்கவில்லை.

"அப்ப உங்க அரளி?"

"முட்டி உசரத்துக்குக் கவாத்து வெட்டி உட்டுர்றேனுங்க. வேரு சாகாது. மழை வந்தாத் துளுக்கும். அம்மனுக்கு ஊட்டு வாசலோரமா ரெண்டு செடி நிக்குது, அதுக்குக் கொடத்துல ஊத்திக்கறேன். வெட்டப்போறதை நெனச்சா வவுறு எரியுதுங்க, இல்லேன்னு சொல்லமாட்டேன்."

சபரிநாதன் தொட்டியில் சலசலத்து விழும் தண்ணீரைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் ரிசார்ட்டின் ஆழ்குழாய் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் இருப்பதிலேயே ஆழமான போர் அதுதான்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். எங்க போர் ஓடறதாலதான் உங்க போர் நின்னுச்சுன்னு நினைக்கிறீங்களா?"

"தெரியாதுங்க. தெரியாததை நான் சொல்லக்கூடாது."

"எனக்கும் தெரியலைங்க," என்றார் அவர். பாதி விளையாட்டாக, "அதையும் அம்மன்கிட்டக் கேட்டுப் பாத்துரலாமா?" என்றார்.

"கேளுங்க. ஆனா என்னையாட்ட மனசுக்குள்ள கேக்காதீங்க. இந்தக் கோடைக்கு மோட்டாரை ஓட்டலாமா வேண்டாமான்னு ஊருக்கே கேக்கறாப்புல வாயைத் தொறந்து கேளுங்க. மனசுக்குள்ள கேட்டா வர்ற பூவுக்கு நீங்க ஒருத்தருதான் கட்டுப்படோணும். அது ரொம்பக் கஷ்டமுங்க."

வெளியே கூட்டம் சபரிநாதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. போகத் திரும்பியவர் நின்று, அடுத்துப் பூ கேட்பது எந்தக் கிழமை என்று அவளிடம் விசாரித்தார்.