தோள் எடுத்த பித்தளை

துப்பாக்கி சுடும் போட்டிக்குப் புறப்பட வேண்டிய காலையில், லின்னியா நுனி வளைத்த கம்பியைத் தோட்டா உறைக்குள் விட்டு அடிப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். கம்பி ஓரிடத்தில் இடறியது. இன்னொரு உறையை எடுத்தாள். அதிலும் இடறியது.

"கம்பி நுனியில பிசிறு இருக்கும்," என்றான் கணவன் ஆரின், முட்டையைத் திருப்பிப் போட்டபடி. "கதவைப் பூட்டினோமான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளாச்சே நீ."

இருக்கலாம். அவள் கையை அவளே நம்புவதில்லை. ஆனாலும் ஒன்றை நெடுக்காக அறுத்துப் பார்த்தாள். உள்சுவரில் நகக்கீறல் போல ஒரு பள்ளம். அங்கே பித்தளை தாளாக மெலிந்திருந்தது. இன்னொரு முறை சுட்டால் உறை இரண்டாகிச் சூடான வாயு முகத்துக்கே திரும்பலாம்.

ஆரின் அடுப்பை அணைத்தான். "சுட்ட உறையெல்லாம் திரும்ப அளவுக்கு வரட்டும்னு நான்தான் அச்சுல போட்டேன். கொஞ்சம் அதிகமா அமுக்கிட்டேன் போல."

"போலவா?"

"சரி, அமுக்கிட்டேன்."

பெட்டி முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. மொன்டானா மாநில அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். அதற்கான போட்டி இன்று மதியம். போன வருடம் மயிரிழையில் தவறிப்போன இடம் அது.

மீதி இருந்தவை கடையில் வாங்கிய புது உறைகள். அவற்றின் தோள், அதாவது உறை கழுத்தாகக் குறுகும் இடம், சரிந்திருக்கும். அவள் ரைபிளில் தோட்டா உட்காரும் அறையோ கூரிய தோளோடு குடைந்தது. அதற்குள் ஒருமுறை வெடித்தால்தான் உறை உப்பி அந்த வடிவத்துக்கு வரும். அந்த முதல் வெடியைப் பெரும்பாலும் மண்மேட்டைப் பார்த்துத்தான் சுட்டுத் தீர்ப்பார்கள்.

"போட்டியிலயே சுட்டு அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திடறேன்," என்றாள்.

"கல்யாணத்துக்குப் போற வழியில சட்டை தைக்கிற மாதிரி இருக்கு."

"வீட்டுல தைச்சவர் லட்சணம்தான் குப்பைத்தொட்டியில கிடக்குதே."

புது உறைகளில் மருந்தும் குண்டும் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். சுடுதளத்தில் நடுவர் வெர்ல் அவள் பெட்டியை எட்டிப் பார்த்தார். "என்ன லின்னி, எல்லாம் புதுசா? மண்மேடு அந்தப் பக்கம்மா."

"தெரியும் வெர்ல். நான் இந்தப் பக்கம்தான் சுடப்போறேன்."

ஒவ்வொரு தோட்டாவுக்கும், அதை அறைக்குள் தள்ளி அடைக்கும் ரைபிள் பூட்டு கடைசி நேரத்தில் சற்றே முரண்டியது. அப்படி முரண்டினால்தான் உறை இறுகி நிற்கும், நீளாது. நான்கு குண்டுகள் ஒரே ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கின. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஐந்தாவதற்குப் பூட்டு வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக்கொடியும் துவள ஆரம்பித்தது. பிரமையோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைப் போட்டாள். அது முரண்டியது. கொடி மறுபடி விறைத்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். சுட்டாள்.

வெர்ல் இலக்கில் விழுந்த ஓட்டையின் அகலத்தை அளவுகோல் வைத்து அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். "இடம் உன்னுதும்மா. மண்மேட்டுக்குச் சுட வேண்டியதை இங்க சுட்டு எங்க மானத்தை வாங்கிட்ட."

ஆரின் ஓடிவந்தபோது அவள் இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடைசி உறை உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது. தோள் கத்தி மாதிரி எழுந்து நின்றது. கம்பியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "நீயே தடவிப் பாரு."

அவன் சுற்றித் தடவினான். "எங்கயும் இடறல."

"அணிக்குப் போறப்ப இதுங்களைத்தான் கொண்டுபோறேன். இனி அச்சுப் பக்கம் வந்துடாதே, முட்டையோட நிறுத்திக்கோ."